இரண்டு கை, எத்தனை ஆர்டர்?

அந்தமான் தலைநகரில் ஷாதிபூர் என்று ஒரு பகுதி. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மத்திய அரசு மாற்றியது. ஷாதிபூர் மட்டும் ஷாதிபூராகவே இருக்கிறது. ஷாதி என்றால் கல்யாணம். தண்டனைக் கைதிகளுக்கு மணம் முடித்துக் குடிவைத்த இடம், அதனால் வந்த பெயர் என்று சொல்வார்கள்.

1858 மார்ச்சில் முதல் தொகுதிக் கைதிகளுடன் கப்பல் வந்து சேர்ந்தது. வந்தவர்களின் எண்ணிக்கை பிறகு ஆயிரக்கணக்கில் பெருகியதும், இத்தனை பேருக்கு எத்தனை வருஷம் சோறு போடுவது என்ற கவலை பிரிட்டிஷ் அரசுக்கு வந்தது. நன்னடத்தையுடன் பல வருஷங்களைக் கழித்த கைதிக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் 'செல்ஃப் சப்போர்ட்டர்'. நிலம் உழலாம், மாடு வளர்க்கலாம், தெரிந்த தொழிலைச் செய்து பிழைக்கலாம். தீவை விட்டு மட்டும் போக முடியாது. கல்யாணம் செய்துகொள்ளவும் இந்த அந்தஸ்து தேவைப்பட்டது. தன் வயிற்றைத் தானே கழுவிக்கொள்வேன் என்று காட்டியவருக்குத்தான் பெண்.

தனி ஆள் தொழிலுக்கு இதைவிடக் கறாரான இலக்கணம் கிடைக்காது. முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. சரக்கு விற்காவிட்டால் புகார் சொல்லவும் ஆள் இல்லை.

சீட்டு முறை ஒழிந்துவிட்டது. செல்ஃப் சப்போர்ட்டர்கள் பெருகிவிட்டார்கள். 2015-16-ல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் எடுத்த கணக்கில், விவசாயம் சாராத, கம்பெனியாகப் பதிவாகாத தொழில்கள் நாட்டில் 6.34 கோடி. அவற்றில் சுமார் 84 சதவீதத்தில் நிரந்தரமாகச் சம்பளம் வாங்கும் ஓர் ஆள்கூடக் கிடையாது. தொழில் நடத்துபவர் இருப்பார், மிஞ்சினால் வீட்டு மனிதர்கள் கைகொடுப்பார்கள். தையல் மெஷின், இட்லி மாவு, சைக்கிள் ரிப்பேர், இஸ்திரி வண்டி, டியூஷன், ஆட்டோ எல்லாம் இந்தக் கணக்கில்தான். இந்தியாவில் 'பிஸினஸ்' என்ற சொல்லுக்கு எண்ணிக்கைப்படி இதுதான் அர்த்தம். பங்குச் சந்தையில் இருப்பது விதிவிலக்கு.

இவர்களுக்கு மார்க்கெட்டிங் சொல்லித்தரும் புத்தகம் உண்டா? 1960-ல் ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் சரக்கு, விலை, இடம், விளம்பரம் என்று நான்கு தூண்களை நட்டார். எம்.பி.ஏ. மாணவர்கள் இன்றும் அதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். பெரிய கம்பெனியில் நான்குக்கும் நான்கு துறைகள் இருக்கும், அவை அடிக்கடி சண்டையும் போட்டுக்கொள்ளும். தனி ஆள் தொழிலில் நான்கும் ஒரே முகத்தில் இருக்கின்றன. காய்ச்சல் வந்தால் நான்கு துறைக்கும் சேர்ந்தே விடுமுறை.

ஷாதிபூரில் வீட்டு வாசலில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். அவருக்கு விளம்பரம் செய்யத் தெரியாது என்று ஊரில் எல்லோரும் அனுதாபப்படுவார்கள். பலகை மாட்டு, வாட்ஸ்அப்பில் படம் போடு, முதல் பத்துப் பேருக்குப் பாதி விலை என்று அறிவி. இலவச யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. இதில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. விளம்பரம் பலித்துவிட்டால் என்ன செய்வது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளில் நான்கு ஜாக்கெட் என்றால் 25 நாளில் 100. நூற்றியொன்றாவது ஜாக்கெட்டுக்குச் சொல்லும் தேதி பொய்த் தேதி. தீபாவளிக்கு முந்தின இரவு தையல் கடை வாசலில் நின்றிருக்கும் தமிழர் எவருக்கும் இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. "காஜா மட்டும்தான் பாக்கி" என்ற வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்த இனம் இது. அந்தக் கடைக்காரர் பெரும்பாலும் ஏமாற்றுக்காரர் அல்ல. வந்த துணியைத் திருப்பி அனுப்பத் தெரியாதவர், அவ்வளவுதான். தீவில் இந்த நெருக்கடி ஒரு தடவையோடு முடிவதில்லை. அங்கே வங்காளிகளே அதிகம். தமிழ் பேசுவோர் 2011 கணக்கெடுப்பில் சுமார் 15 சதவீதம். துர்கா பூஜை வரும், அது முடிந்து மூச்சு விடுவதற்குள் தீபாவளி வரும், பிறகு கிறிஸ்துமஸ். விளம்பரம் பலித்த தையல்காரர் மூன்று முறை கெட்ட பெயர் எடுக்கலாம்.

ஆகவே தனி ஆளின் பிரச்னை கூட்டம் சேர்ப்பது மட்டும் அல்ல. எந்தப் பத்துப் பேர், எப்போது, என்ன விலைக்கு வர வேண்டும் என்பதுதான். இதைக் கச்சிதமாகப் புரிந்துகொண்ட ஒருவரைத் தேடினால் தீவை விட்டுச் சென்னைக்கு வர வேண்டியிருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் ஓடிய ஒரு ஷேர் ஆட்டோவுக்கு.

'ஆட்டோ' அண்ணாதுரை தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். குடும்ப நிலை அவரைப் பள்ளிக்கூடத்தைத் தாண்ட விடவில்லை. ஆட்டோ ஓட்ட வந்தார். சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குப் போகும் ஊழியர்கள் நெரியும் அந்தச் சாலையில் ஷேர் ஆட்டோக்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் ஒரே சாயல், ஒரே தடம், ஏறத்தாழ ஒரே கட்டணம். அண்ணாதுரை தன் வண்டியில் செய்தித்தாள்களும் பத்திரிகைகளும் வைத்தார். பிறகு வைஃபை வந்தது, டேப்லெட் வந்தது. ஆசிரியர்களுக்குக் கட்டணம் இல்லை என்றார். விசேஷ நாட்களில் சலுகை, வாடிக்கையாகப் பயணிப்பவர்களுக்குப் பரிசு. பத்திரிகைகள் எழுதின, டி.வி.க்கள் வந்தன, டெட்எக்ஸ் மேடைகள் கூப்பிட்டன, பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களிடம் பேச அழைத்தன. 2022 ஜனவரியில் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா, எம்.பி.ஏ. மாணவர்கள் இவரோடு ஒரு நாள் இருந்தால் போதும், இவர் நிர்வாகவியல் பேராசிரியர் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார்.

புகழ்ந்தவர்கள் பெரும்பாலும் வைஃபையைப் பார்த்து அசந்தார்கள். கவனிக்க வேண்டியது வேறு. ஷேர் ஆட்டோவில் இருக்கைகள் எண்ணி வைத்தாற்போல இருக்கும். நகரமே காத்து நின்றாலும் ஒரு தடவைக்கு அத்தனை பேரைத்தான் ஏற்ற முடியும். கட்டணத்தையும் இஷ்டப்படி உயர்த்த முடியாது, பக்கத்து ஆட்டோ இருக்கிறது. அப்படியென்றால் செலவு செய்து பத்திரிகை வாங்கிப் போட்டதில் லாபம் எங்கே? காலி இருக்கையில். நெரிசல் நேரத்தில் எந்த ஆட்டோவும் நிறையும். மதியம் 2 மணிக்கு யாருக்காக ஒருவர் ஐந்து நிமிஷம் காத்திருப்பார் என்பதில்தான் ஓர் ஓட்டுநரின் வருமானம் நிற்கிறது. தெரியாத ஆயிரம் பேரைக் கூப்பிடுவதற்குப் பதில், தினமும் அதே சாலையில் போகும் சில நூறு பேரை 'நம்ம ஆட்டோ' என்று சொல்லவைத்தார். தன் கைக்கு அடங்கும் கூட்டம் அது.

ஆசிரியர்களுக்கு இலவசம் என்பதிலும் வெறும் பெருந்தன்மை மட்டும் இல்லை. ஒரு வண்டிக்கு ஒரு நாளில் எத்தனை ஆசிரியர்கள் வந்துவிடப் போகிறார்கள்? செலவு கையளவு. ஆனால் இறங்கிப் போனவர் வகுப்பறையில், வீட்டில், கல்யாண வீட்டில் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். இதே பணத்தில் துண்டுப் பிரசுரம் அடித்திருந்தால் மறுநாள் சுண்டல் மடிக்கப் போயிருக்கும். கணக்கும் கருணையும் ஒரே ஆளிடம் இருப்பதில் தவறு ஒன்றும் இல்லை.

இதற்குச் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன், வைஃபையும் டேப்லெட்டும் இல்லாத காலத்தில், பட்ரீஷியா நாராயண் சென்னையில் இதே பாடத்தை வேறு மாதிரி படித்தார். மணவாழ்க்கை முறிந்து, இரண்டு குழந்தைகளுடன் பெற்றோர் வீடு திரும்பியவர் அவர். தெரிந்த வேலை சமையல்தான். ஊறுகாய், ஜாம் செய்தார். அரசு ஊழியரான அம்மா அதை ஆபீசுக்குக் கொண்டுபோனார், எல்லாம் ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தது. 1982-ல் மெரினா கடற்கரையில் ஒரு வண்டி போட்டார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, 50 பைசா. போணி ஆனதோடு சரி. மறுநாளிலிருந்து நிலைமை மாறியது. பிறகு கேன்டீன்கள், ரெஸ்டாரன்ட்கள் என்று வளர்ந்து, 2010-ல் ஃபிக்கி அமைப்பின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது வரை அவர் கதை போயிற்று.

விருதுக் கதையில் பொதுவாக அந்த 50 பைசாதான் தலைப்பாகும். அதைவிட முக்கியம் அம்மாவின் ஆபீஸ். முதல் பாட்டிலை வாங்கியவர்கள் ஊறுகாயை நம்பி வாங்கவில்லை, பக்கத்து மேஜையில் உட்காரும் பெண்மணியை நம்பி வாங்கினார்கள். இரண்டாவது பாட்டில்தான் ஊறுகாய்க்காக. மெரினாவிலும் நடைபயிற்சிக்குத் தினமும் வருகிற அதே முகங்கள். அப்படி நடக்க வந்த ஓர் உயர் அதிகாரிதான் குடிசை மாற்று வாரியத்தின் கேன்டீனை நடத்தும் வாய்ப்பைக் காட்டினார். முன்பின் தெரியாதவரைத் தேடிப் போவதற்கு முன் தெரிந்தவர் வட்டத்தைத் தீர்ப்பது நல்லது என்பதை அவருக்கு எந்த விளம்பரக் கம்பெனியும் சொல்லித்தரவில்லை.

ஆனால் வணிகப் பள்ளிகள் விரும்பிச் சொல்லும் கதைகள் வேறு ரகம். குஜராத் அரசு ஊழியர் கர்சன்பாய் படேல் 1969-ல் வீட்டுக் கொல்லையில் சலவைத் தூள் கலக்கி, சைக்கிளில் வைத்து வீடு வீடாக விற்றார். சர்ஃபின் விலையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. அந்த நிர்மாவுக்குப் பதில் சொல்ல ஹிந்துஸ்தான் லீவர் 'லலிதாஜி'யை டி.வி.க்கு அனுப்ப வேண்டிவந்தது. கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயுடன் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றார். போட்டியாளரின் குப்பையே விளம்பரமானது. பழகியபின், சிக் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றிக்கொண்டார்.

அபாரமான மூளை இருவருக்கும். ஆனால் ஷாதிபூர் தையல்காரருக்கு இதில் எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. சலவைத் தூளும் ஷாம்பூவும் ஆளை விட்டுப் பிரியக்கூடிய சரக்குகள். இன்னொருவர் கலக்கினாலும் அதே தூள்தான். தையலில் கைராசி என்று ஒன்று இருக்கிறது, சமையலில் கைப்பக்குவம். வாடிக்கையாளர் விலை கொடுப்பது அந்தக் கைக்கு. வணிகப் புத்தகங்கள் தனி ஆளை முதல் அத்தியாயத்தில் சைக்கிளில் ஏற்றுகின்றன, மூன்றாம் அத்தியாயத்தில் அவருக்குத் தொழிற்சாலை கட்டிவிடுகின்றன. வளராமல், கெடாமல், முப்பது வருஷம் ஒரே மெஷினில் தைத்துப் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பியவருக்கு அங்கே அத்தியாயம் இல்லை.

விலை விஷயத்தில் இந்த வித்தியாசம் ஆபத்தாகவே முடியும். மலிவு என்பது நிர்மாவுக்கு ஆயுதம். தொழிற்சாலை பெருகப் பெருக அடக்க விலை இறங்கும். தனி ஆளுக்கு அப்படி எதுவும் இறங்காது. நூறாவது ஜாக்கெட்டுக்கும் முதல் ஜாக்கெட் அளவு நேரம்தான் பிடிக்கும், இடுப்பு வலி மட்டும் கூடுதல். பாதி விலைக்கு வந்த கூட்டம் முழு விலை சொன்னதும் கலையும். ஆர்டர்கள் கைக்கு மிஞ்சும்போது செய்யக்கூடியவை இரண்டு: விலையை ஏற்றுவது, அல்லது தேதியைத் தள்ளிச் சொல்வது. இரண்டையும் முகத்துக்கு நேரே சொல்லத் தெரிவதும் மார்க்கெட்டிங்தான். நம் ஊரில் அதை மண்டைக்கனம் என்பார்கள்.

ஆள் பெருகாமலே விற்பனை பெருகும் வழி ஒன்றைக் கோவை அருணாசலம் முருகானந்தம் கண்டார். பெண்களுக்கான நாப்கினைக் குறைந்த செலவில் செய்யும் மெஷினை உருவாக்கியவர் அவர். 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார். நாப்கினைத் தானே விற்கப் புறப்பட்டிருந்தால் பன்னாட்டுக் கம்பெனிகளின் விளம்பரத்துக்கு முன் நின்றிருக்க முடியாது. ஓர் ஆண், கிராமத்துப் பெண்ணிடம் அதைப் பற்றிப் பேசவும் முடியாது. மெஷினைப் பெண்கள் குழுக்களுக்கு விற்றார். ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடித்த பெயரைச் சூட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து விளக்கிச் சொல்லி விற்றவர் அதே தெருப் பெண். சில இடங்களில் காசுக்குப் பதில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டார்கள். எந்த டி.வி. விளம்பரமும் வெங்காயம் வாங்கிக்கொள்ளாது.

தீவில் இந்தப் பாடங்கள் எல்லாம் உப்புக்காற்று பட்டுத்தான் வந்துசேர்கின்றன. லைனிங் துணி, லேஸ், கொக்கி, நூல்கண்டு எல்லாம் பெரும்பாலும் கடல் தாண்டி வர வேண்டும். சென்னையிலிருந்து கப்பலுக்கு ஏறத்தாழ மூன்று நாள், கப்பல் புறப்படும் வரை காத்திருப்பது தனி. கோயம்புத்தூரில் 'வியாழக்கிழமை வாங்கிக்கோங்க' என்பது ஒரு தையல்காரரின் வாக்கு. ஷாதிபூரில் அதே வாக்குக்குக் கப்பலும் வானிலையும் ஜாமீன் நிற்க வேண்டும். 'கப்பல் வந்தபிறகுதான் தேதி சொல்வேன்' என்று சொல்பவர் ஒரு ஆர்டரை இழக்கலாம். சொன்ன தேதியில் மூன்று முறை கை விரித்தவர் ஒரு தெருவையே இழப்பார், தீவில் அடுத்த தெரு தூரத்தில் இல்லை.

2020 ஆகஸ்ட் 10-ல் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர். அதுவரை சாட்டிலைட்டை நம்பி, ஒரு படம் இறங்குவதற்குள் டீ ஆறிப்போகும் வேகத்தில் இருந்த தீவுகளுக்கு ஒழுங்கான இன்டர்நெட் வந்தது. தனி ஆள் தொழில்களுக்கு இது பெரிய வரம் என்று அப்போது பேசப்பட்டது. வரம்தான். கழுத்து டிசைனை போனிலேயே காட்டலாம், கியூஆர் அட்டையை மாட்டி யுபிஐயில் பணம் வாங்கலாம், சுற்றுலாப் பயணி தெரு பெயர் தெரியாமலே மேப் பார்த்து வந்துசேரலாம். ஆனால் கேபிளுக்கு இரண்டு முனை உண்டு. ஷாதிபூர் பெண் சென்னைக்குத் தன் வேலையைக் காட்டும் அதே கம்பி வழியாகத்தான், தைத்து மடித்த ஜாக்கெட்டை சென்னையும் சூரத்தும் அவருடைய பக்கத்து வீட்டுக்குக் காட்டுகின்றன. அவற்றின் விலையோடு இவர் போட்டி போட முடியாது. இரண்டு நாளில் கை பிடிக்கிறது என்று திரும்பி வந்தால் பிரித்துத் தைத்துக் கொடுப்பதில்தான் அவை இவரோடு போட்டி போட முடியாது.

சுற்றுலாப் பயணியை நம்பலாமா என்பது தீவில் இன்னொரு தலைவலி. அவர் ஒரு முறை வருவார், பேரம் பேசாமல் கொடுப்பார், ஐந்து நட்சத்திரமோ ஒரு நட்சத்திரமோ போட்டுவிட்டு விமானம் ஏறுவார். உள்ளூர்க்காரர் பேரம் பேசுவார், கடன் சொல்வார், இருபது வருஷம் வருவார். 2020-ல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது நட்சத்திரம் போட ஒருவரும் இல்லை. கிழிந்த ஸ்கூல் யூனிஃபார்மும் ஆல்டரேஷனுமாகத் தெருக்காரர்கள்தான் மிச்சம் இருந்தார்கள்.

சட்டமும் தன் பங்குக்கு மரியாதை செய்திருக்கிறது. 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின்படி ஒரே ஒரு ஆள் ஒரு கம்பெனியைத் தொடங்கலாம். டைரக்டர் என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்ளலாம். தள்ளுவண்டிக்காரர்களுக்கு 2020 முதல் பி.எம். ஸ்வாநிதி கடன் இருக்கிறது. முதல் தவணை 10,000 ரூபாயாக இருந்ததை 2025-ல் 15,000 ஆக்கினார்கள். மூலதனத்துக்கு வழி பிறந்தது நல்லதுதான். ஆனால் கடன் கொடுப்பவர் கூடவே இரண்டு கையும் கொடுப்பதில்லை. டைரக்டருக்கு டைஃபாய்டு வந்தால் கம்பெனிக்குப் பூட்டுதான். பத்து நாள் பூட்டிய கதவுக்கு முன்னால் வாடிக்கையாளர் காத்திருப்பாரா, அடுத்த தெரு மெஷினுக்குப் போவாரா என்பது, அதற்கு முந்தைய பத்து வருஷம் சொன்ன தேதிகளைப் பொறுத்தது.

அப்புறம் அந்தப் பலகை. ஷாதிபூரில் மாட்டுவதென்றால் எந்த மொழியில்? தமிழில் எழுதினால் தமிழர் மட்டும் படிப்பார். வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோருக்கும் தீவில் பொதுவாக இருப்பது இந்தி. இந்தியில் பெரிதாக, தமிழில் சின்னதாக எழுதலாம். பெயரும் போன் நம்பரும் போட்ட பிறகு கொஞ்சம் இடம் மிஞ்சும். பெரும்பாலோர் அங்கே 'குறித்த நேரத்தில் தைத்துத் தரப்படும்' என்று எழுதுவார்கள். 'இந்த மாதம் ஆர்டர் முடிந்தது' என்று மாட்டி எடுக்கிற மாதிரி ஒரு சின்ன அட்டைக்கு, பெயின்டரிடம் சொல்லி இரண்டு கொக்கி வைத்துக்கொள்வது உத்தமம்.